யார் இந்த ரோசாப்பூ துரை? கைரேகைச் சட்டத்தையும் வைக்கம் தடையையும் எதிர்த்த மதுரை பாரிஸ்டர்!

உசிலம்பட்டி வட்டாரத்தில் ரோசாப்பூ என்ற பெயரில் ஆண்களைப் பார்க்கலாம். ஆம்பளைக்கு ஏன் பூப்பெயர் என்று அங்கே கேட்டால் ஒரு வக்கீலின் கதையைச் சொல்வார்கள். கோட்டில் ரோஜாப்பூ குத்திக்கொண்டு கோர்ட்டுக்கு வந்த அந்த வக்கீல்தான் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். மதுரை யானைக்கல் சந்திப்பில் நிற்கும் சிலை அவருடையதுதான். பஸ்ஸில் தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் பலருக்கு அவர் யார் என்று தெரியாது.

இத்தனைக்கும் அவர் மதுரைக்காரர் இல்லை. 1887 ஜூன் 5-ம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், செங்கன்னூரில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பிரபல பத்திரிகையாளர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பி.

மன்னர் வைத்ததே சட்டம்

ஜார்ஜ் ஜோசப் பிறந்த திருவிதாங்கூர் எப்படிப்பட்ட இடம் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1750-ல் மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்ஜியத்தையே பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, சுவாமியின் தாசனாக ஆட்சி செய்தார். அவருக்குப் பின் வந்த மன்னர்களும் பத்மநாப தாசர்கள்தான். சாமியின் பெயரில் ஆட்சி நடக்கும்போது மன்னரை யார் கேள்வி கேட்பது? இதற்கு இரண்டே வருடம் முன்பு, 1748-ல், பிரெஞ்சுக்காரரான மான்டெஸ்கியூ ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். சட்டம் போடுவது, ஆட்சி நடத்துவது, நீதி சொல்வது மூன்றும் ஒரே கையில் இருந்தால் சுதந்திரம் செத்தது என்பது அதன் சாரம். ஒரே காலகட்டம்தான், ஆனால் இரண்டும் நேர் எதிர்த் திசைகள்.

பிரிட்டனில் இந்தச் சண்டை இன்னும் முன்னாடியே முடிந்திருந்தது. 1649-ல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை போனது. 1679-ல் ஆட்கொணர்வு மனுச் சட்டம் வந்தது. பார்லிமென்ட்டைத் தாண்டி மன்னர் எதுவும் செய்ய முடியாது என்று 1689-ல் சட்டமே ஆனது. திருவிதாங்கூரிலும் 1888-ல் சட்டசபை வந்தது; இந்திய சமஸ்தானங்களில் அதுதான் முதல். ஆனாலும் கடைசி வார்த்தை மன்னருடையதுதான்.

ஜார்ஜ் ஜோசப் படிக்கப் போனது எடின்பரோவுக்கு. டேவிட் ஹியூம் வாழ்ந்த ஊர். அங்கே தத்துவத்தில் எம்.ஏ., பிறகு லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் படிப்பு. 1909-ல் ஊர் திரும்பி, சென்னையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மதுரையில் வந்து தொழில் தொடங்கினார். பிரிட்டிஷ்காரன் தன் ஊரில் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததை மதுரை கோர்ட்டில் மதிக்கவில்லை என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார்.

ரேகைச் சட்டம்: கேள்வியே கேட்க முடியாது

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871-ல் வட இந்தியாவில் வந்தது. 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. மதுரையைச் சுற்றி பிறமலைக் கள்ளர் மக்கள் இதில் சிக்கினார்கள். கிராமத்து ஜனங்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். காரணம், ஆண்கள் எல்லாரும் போலீஸில் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவானவர் ராத்திரியில் போலீஸ் சொல்லும் இடத்தில்தான் படுக்க வேண்டும். வெளியூர் போக சீட்டு வாங்க வேண்டும். திருடினாரா, இல்லையா என்ற பேச்சே கிடையாது. அந்தச் சாதியில் பிறந்தாலே போதும்.

இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் உண்டு. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு சரியா தவறா என்று எந்தக் கோர்ட்டும் விசாரிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதாவது மன்னரிடமிருந்து பிடுங்கிய அதிகாரத்தை இங்கே மாகாண அரசின் மேஜையில் வைத்துவிட்டார்கள். பாரிஸ்டர் படித்தவருக்கு இதைவிட எரிச்சலான விஷயம் இருக்க முடியாது.

1920 ஏப்ரல் 3-ம் தேதி உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சட்டத்தையே கோர்ட்டில் உடைக்க வழியில்லை. அதனால் ஜார்ஜ் ஜோசப் ஆள் ஆளாக எடுத்தார். சிக்கியவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார், பத்திரிகைகளில் எழுதினார், இந்தச் சட்டத்தை எதிர்த்து மக்களைத் திரட்டினார். கிராமத்தார் அவருக்குக் கொடுத்த பட்டம்தான் ரோசாப்பூ துரை. வெள்ளைக்காரனுக்குச் சொன்ன துரை என்ற வார்த்தையை ஒரு மலையாள வக்கீலுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இடையில் அவர் செய்தவை ஏராளம். அன்னி பெசன்ட்டின் சுயாட்சி இயக்கத்துக்காக இங்கிலாந்து போய்ப் பேசக் கிளம்பினார். ஜிப்ரால்டரிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதுரை ஹார்வி மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்க உதவினார். விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ள வழி செய்த ரவுலட் சட்டத்தை எதிர்த்து 1919-ல் மதுரையில் கடையடைப்பு நடத்தினார். 1920-ல் ஒத்துழையாமைக்காகத் தொழிலையே விட்டார். மோதிலால் நேருவின் இண்டிபெண்டன்ட் பத்திரிகையை அலகாபாத்தில் நடத்தி, 1921 டிசம்பரில் கைதாகி, லக்னோ சிறைக்குப் போனார். அங்கே மகாதேவ் தேசாய் போன்றவர்கள் உடன் இருந்தார்கள். வெளியே வந்த பிறகு காந்தியின் யங் இந்தியாவுக்கும் ஆசிரியராக இருந்தார்.

வைக்கம்: காந்தியோடு முரண்

1924 மார்ச் 30-ல் வைக்கம் போராட்டம் தொடங்கியது. மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவர், புலையர் நடக்கக் கூடாது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் தாராளமாக நடக்கலாம். அதாவது ஜார்ஜ் ஜோசப்புக்கு அந்தத் தெருவில் தடையே கிடையாது. ஆனாலும் மதுரையிலிருந்து கிளம்பிப் போனார்.

காந்திக்கு இதில் உடன்பாடு இல்லை. தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம், அதை இந்துக்களே கழுவ வேண்டும், கிறிஸ்தவர் தலையிட வேண்டாம் என்று ஏப்ரல் 6-ல் கடிதம் எழுதினார். ஜார்ஜ் ஜோசப் இதை மத விஷயமாகவே பார்க்கவில்லை. பொதுத் தெருவில் நடப்பது குடிமகனின் உரிமை, அதைக் கேட்க என்ன மதமாக இருந்தால் என்ன என்பது அவர் நிலை. இந்த ஒரு விஷயத்தில் காந்தியைவிட அவர்தான் இன்றைய நம் அரசியல் சாசனத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று தோன்றுகிறது.

சில நாட்களிலேயே அவரைக் கைது செய்தார்கள். தலைவர்கள் எல்லாம் உள்ளே போன நேரத்தில்தான் ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து போராட்டத்தைக் கையில் எடுத்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தெருக்களைத் திறக்கச் சொல்லும் தீர்மானம் திருவிதாங்கூர் சட்டசபையில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஓட்டில் தோற்றது! 1925 நவம்பரில் ஒரு சமரசம் ஆகி, கிழக்குத் தெரு தவிர மற்றவை திறந்தன. கோயில் கதவு திறக்க 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் மன்னர் சித்திரைத் திருநாள் போட்ட பிரகடனத்தால் நடந்தது.

கடைசி வருடங்கள்

மதுரைக்குத் திரும்பி மறுபடி கோட்டு மாட்டினார். சைமன் கமிஷனுக்கு எதிராகக் கருப்புக்கொடி காட்டினார். 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜரைச் சிக்கவைத்தபோது, வரதராஜுலு நாயுடுவோடு சேர்ந்து அவருக்காக வாதாடினார். குற்றச்சாட்டு நிற்கவில்லை. அன்று அந்த வழக்கு வேறு மாதிரிப் போயிருந்தால் தமிழ்நாட்டு அரசியல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காங்கிரசோடு மனக்கசப்பாகி நடுவில் விலகினார். 1935-ல் திரும்பி வந்தார். 1937-ல் மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். சட்டம் போடும் இடத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு வருடம்கூட இல்லை. 1938 மார்ச் 5-ம் தேதி மதுரையில் காலமானார். வயது 50. அவருடைய பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் பிறமலைக் கள்ளர் மக்கள் இன்றும் கல்லறைக்கு வந்து மாலை போடுகிறார்கள்.

ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ரத்தானது. நாடு முழுக்க 1952-ல் முடிவுக்கு வந்தது. பட்டியலிலிருந்து நீங்கிய சமூகங்களுக்குத் தமிழ்நாட்டில் இன்று சீர்மரபினர் என்று பெயர். 1979-ல் அரசு ஓர் ஆணையில் பழங்குடியினர் என்ற சொல்லை வகுப்பினர் என்று மாற்றியது. அந்தப் பழைய சொல்லோடு சான்றிதழ் வேண்டும் என்று போராடி, 2019-ல் மத்திய அரசு நலத்திட்டங்களுக்கு மட்டும் அதைப் பெற்றார்கள். தாலுகா ஆபீஸில் யாராவது டிஎன்சி, டிஎன்டி என்று இரண்டு சர்டிபிகேட் பற்றிப் பேசுவதைக் கேட்டிருந்தால், அது இந்தக் கைரேகைப் பட்டியலிலிருந்து வந்த கதைதான்.