ராமானுஜன் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்ட கதை

கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் என்றதும் நம்ம ஊரில் எல்லோரும் சொல்லும் கதைகள் நாலைந்து உண்டு. 1729 டாக்ஸி நம்பர் ஒன்று. நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று. எஃப்.ஏ. பரீட்சையில் ஃபெயிலானது மூன்றாவது. இதை மட்டும் நம்ம பசங்க மறக்கவே மாட்டார்கள்! இவற்றைக் கேட்டுக் கேட்டு, நிரூபணம் எழுதுவதெல்லாம் சாதாரண ஆட்களின் வேலை, மேதைக்கு விடை தானாக வந்துவிடும் என்ற எண்ணம் நம் மனசில் ஊறிப் போயிருக்கிறது.

அதுதான் இல்லை. தான் கண்டதை இன்னொருவர் படித்துச் சரிபார்க்கும்படி எழுதி, தபாலில் சேர்த்து, ஒரு பத்திரிகையில் அச்சேற்றும் வேலையை ராமானுஜன் பல வருஷம் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டார். பட்டம் இல்லாத அவருக்குக் கடைசியில் சோறு போட்டதும் அந்த வேலைதான். ஆராய்ச்சிப் பக்கம் போக நினைக்கும் இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

கும்பகோணத்து நோட்டுப் புத்தகம்

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு கணிதத் தொகுப்பு அவர் கைக்கு வந்தது. சுமார் 5000 முடிவுகள் அதில் வரிசையாக இருக்கும்; நிரூபணம் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக. பரீட்சைக்குத் தயாராகும் பையன்களுக்காக எழுதிய புத்தகம், வேறெப்படி இருக்கும்? கணிதம் எழுதுவது என்றால் இப்படித்தான் என்று ராமானுஜன் எடுத்துக்கொண்டார். ஸ்லேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். காகிதம் வாங்கக் காசு வேண்டுமே!

கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காததால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கிடைத்த ஸ்காலர்ஷிப் போயிற்று. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1909-இல் ஜானகியோடு கல்யாணம் ஆயிற்று. கையில் பட்டமும் கிடையாது, உத்தியோகமும் கிடையாது; இருந்தது அந்த நோட்டுகள்தான்.

கேள்வி எண் 289

1910-இல் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இந்த ஆளைத் தாலுகா ஆபீசில் உட்கார வைப்பது பாவம் என்று நினைத்து, கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே பி.வி. சேஷு ஐயர் உதவினார். நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார்.

கணிதச் சங்கம் 1909 முதல் ஒரு பத்திரிகை நடத்தி வந்தது. அதில் வாசகர்களுக்குக் கேள்வி போடும் பகுதி உண்டு. ராமானுஜன் அச்சில் முதலில் நுழைந்தது 1911-இல், அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான். அப்படி அவர் போட்ட கேள்விகளில் ஒன்று 289-ஆம் எண்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...)))) இதன் மதிப்பு என்ன?

மூன்று இதழ்கள் வந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே எழுதினார்: விடை 3. வழி ரொம்ப எளிது. 3 என்பது √(1 + 2×4). அந்த 4 என்பது √(1 + 3×5). அந்த 5 என்பது √(1 + 4×6). இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் முடிவில்லாமல் போகும் இந்த அடுக்கு ஒரு மதிப்பில்தான் நிற்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? அதை அவர் எழுதவில்லை. அந்தக் குறையைப் பின்னால் நிரப்பியவர் டி. விஜயராகவன் என்ற இன்னொரு நம்மூர்க் கணித அறிஞர்.

பெங்களூர் ஆசிரியர் பட்ட பாடு

1911 டிசம்பர் இதழில் ராமானுஜனின் முதல் முழுக் கட்டுரை வந்தது. பொருள், பெர்னோலி எண்களின் சில பண்புகள். பத்திரிகையின் ஆசிரியர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார். கையெழுத்துப் பிரதி வந்ததும் அவர் திணறிப் போனார். விஷயம் அபாரம், ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஒரு கிணறு! சாதாரண வாசகன் தாண்டவே முடியாது. திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார். ராமானுஜன் எழுதி அனுப்ப, அவர் மறுபடி திருப்பி அனுப்ப, சென்னைக்கும் பெங்களூருக்கும் நடையாய் நடந்துதான் அந்தப் பிரதி அச்சேறியது.

அப்படியும் கட்டுரை குறையில்லாமல் வந்துவிடவில்லை. அவர் சொன்ன முடிவுகளில் சிலவற்றுக்குத்தான் நிரூபணம் இருந்தது. நிரூபிக்காமல் விட்டவற்றில் ஒன்று தப்பு. பெர்னோலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் மேலே நிற்கும் தொகுதி எண் பகா எண்ணாகவே இருக்கும் என்று எழுதியிருந்தார். 20-ஆவது எண்ணுக்குப் போட்டுப் பாருங்கள்: தொகுதி 174611. அது 283 × 617. பகா எண் இல்லை! ராமானுஜனாகவே இருந்தாலும் நிரூபணம் இல்லாத இடத்தில் கால் வழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

துறைமுகத்துக் குமாஸ்தா

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மேலதிகாரி எஸ். நாராயண ஐயர் கணிதம் படித்தவர், கணிதச் சங்கத்து உறுப்பினர். ராத்திரியில் இருவரும் ஸ்லேட்டோடு உட்காருவார்கள். ராமானுஜன் பத்துப் படியை இரண்டே படியில் தாவிவிடுவார். தனக்கே புரியாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு எப்படிப் புரியும், தன் மட்டத்துக்கு இறங்கி வந்து எழுது என்று நாராயண ஐயர் விடாமல் வற்புறுத்துவார். ராமானுஜனுக்குக் கிடைத்த முதல் நல்ல வாசகர் இவர்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதே ஆண்டின் கடைசியில் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், ராமானுஜனின் சில தாள்களை லண்டனில் இருந்த தம் பழைய ஆசிரியர் ஹில் என்பவருக்கு அனுப்பினார். 1 + 2 + 3 + ... என்று போகிற தொடரின் கூட்டுத்தொகை கழித்தல் 1/12 என்று ஒரு தாளில் இருந்தது. வேறொரு முறைப்படி பார்த்தால் அதற்கு ஆழமான பொருள் உண்டு. ஆனால் அந்த முறை என்ன என்று தாளில் சொல்லவில்லையே! விரி தொடர்களைக் கையாளத் தெரியாமல் விழுந்துவிட்டார் என்று ஹில் தீர்ப்பு எழுதினார். இருந்தாலும் நல்ல மனுஷர். படிக்க வேண்டிய புத்தகத்தைச் சொன்னார். லண்டன் சங்கத்துக்கு அனுப்புவதானால் தெளிவாக எழுத வேண்டும், பிழை இருக்கக் கூடாது, விளக்கம் சொல்லாத குறியீடு எதையும் பயன்படுத்தக் கூடாது என்று வழியும் காட்டினார். இன்றைக்கும் எந்தக் கணிதப் பத்திரிகைக்கு அனுப்பினாலும் இந்த மூன்றும் பொருந்தும்.

ஹார்டி கேட்டதும் கேட்டதுதான்

1913 ஜனவரி 16 அன்று ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நிரூபணம் கிடையாது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்து, இது அசல் சரக்கு என்று முடிவு செய்தார்கள். பிப்ரவரியில் ஹார்டியின் பதில் வந்தது. அதில் முக்கியமாகக் கேட்டது எதை? நிரூபணத்தை!

அதற்கு ராமானுஜன் எழுதிய பதில் மனசை உருக்கும். தன் முறையைச் சொன்னால் லண்டன் பேராசிரியர் மாதிரி நீங்களும் என்னைப் பைத்தியம் என்பீர்கள் என்ற பயம் அதில் தெரிகிறது. தான் அரைப்பட்டினிக்காரன், மூளையைக் காப்பாற்ற முதலில் சாப்பாடு வேண்டும், உங்கள் கடிதம் ஒன்று இருந்தால் உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்றும் எழுதினார். கிடைத்தது. பட்டமே இல்லாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. ஒரே நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்த வேலையை அறிக்கையாக எழுதித் தர வேண்டும். அப்படி மூன்று அறிக்கைகள் தந்தார். 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார்.

அறுபத்து மூன்று பக்கம்

கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு இருந்த சங்கடம் வேறு. நிரூபணத்தின் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும், ஊற்று அடைபட்டுவிடவும் கூடாது. அந்தப் பயிற்சியின் பலன் 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்து இதழில் வந்த உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் உள்ள எண் உயர் பகு எண். 12, 24, 36, 48, 60 எல்லாம் அந்த ஜாதி. 60-க்கு 12 வகுத்திகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இந்தக் கட்டுரையில் பெங்களூர் ஆசிரியர் தேடிய படிகள் வரிசையாக இருக்கின்றன. 63 பக்கம்! முழுசும் அதுவல்ல. சங்கத்துக்குப் பண முடை, அச்சுச் செலவைக் குறைக்க ஒரு பகுதியை ராமானுஜனே நிறுத்திக்கொண்டார். அந்த மிச்சம் 1997-இல்தான் அச்சில் வந்தது. கையால் போட்ட பெரிய பட்டியலில் 293318625600 என்ற ஓர் எண் விட்டுப்போனதையும் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது, ஆராய்ச்சியை வைத்து. 1918-இல் ஹார்டியோடு சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்குச் சூத்திரம் கண்டார். சரிதானா என்று பார்க்க வேண்டாமா? மக்மஹன் என்ற ராணுவ அதிகாரி 200 வரை கையாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். 200-க்கு விடை 3972999029388. சூத்திரமும் அதையே தந்தது. அதே வருஷம் ராயல் சொசைட்டி ஃபெலோ, டிரினிட்டி கல்லூரி ஃபெலோ ஆனார்.

உடம்பு மட்டும் இடம் கொடுக்கவில்லை. 1919-இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். வயது 32. படுக்கையிலும் எழுதிக்கொண்டே இருந்தார், மறுபடியும் முடிவுகளை மட்டும். கட்டுரையாக்க அவகாசம் இல்லை. அந்தத் தாள்களை 1976-இல் டிரினிட்டி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். அவரும் புரூஸ் பெர்ண்ட்டும் நிரூபணங்களோடு ஐந்து தொகுதிகளாக வெளியிட்டு முடித்தது 2018-இல். ஒருவர் ஒரு வருஷத்தில் எழுதியதை மற்றவர்கள் சரிபார்த்து முடிக்க நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

இன்று ஸ்லேட்டும் தபாலும் இல்லை. கணினியில் அச்சுக்கோத்து ஒரு நொடியில் கட்டுரையை அனுப்பிவிடலாம். எழுதும் வேலை மட்டும் மாறவில்லை. முதலில் உங்கள் மட்டத்தில் இருக்கும் ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். எங்கே நிற்கிறாரோ அங்கே ஒரு படி குறைகிறது என்று அர்த்தம். நிரூபித்தது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஆசிரியர் திருப்பி அனுப்பினால் மனசு உடையாதீர்கள். ராமானுஜனுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? அந்தப் பத்திரிகையில் அவர் போட்ட கேள்விகள் மொத்தம் 58. 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் முழு வர்க்கமாவது 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளுக்கு மட்டும்தானா என்று 1913-இல் கேட்டார். ஆமாம் என்று 1948-இல் நாகெல் என்ற நார்வேக்காரர் நிரூபித்தார். அதே ஆண்டு 469-ஆம் கேள்வியில் இன்னொன்று கேட்டார். 4! + 1 = 25, 5! + 1 = 121, 7! + 1 = 5041. மூன்றும் முழு வர்க்கங்கள். இப்படி வேறு எண் உண்டா?

நூறு வருஷம் தாண்டியும் இதற்கு விடை இல்லை. நம் கல்லூரிப் பிள்ளைகளும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமே!