யானைகளைக் கைவிடாத சாண்டோ!

குட்டீஸ்... சூப்பர்மேன் படம் என்றால் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்தானே? அந்த சூப்பர்மேனையே ஒரு படம் கவிழ்த்துவிட்டது தெரியுமா? 1987ல் வந்த நான்காவது சூப்பர்மேன் படம் சப்பென்று இருந்தது, ஓடவில்லை. அடுத்த சூப்பர்மேன் படம் தியேட்டருக்கு வந்தது 2006ல்தான். இடையில் 19 ஆண்டுகள் போய்விட்டன!

நம்ம கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கும் இப்படி ஓர் அடி விழுந்தது. அவர் படங்களில் பறக்கும் மனிதன் கிடையாது. காளை, யானை, பாம்பு, ஆடு... இவைதான் சாகச வீரர்கள். அவர்தான் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர்.

1915, ஜூன் 28ல் கோவை ராமநாதபுரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். மில் வேலைக்குப் போனார். பால் வியாபாரம் செய்தார். என்ன கஷ்டம் வந்தாலும் உடற்பயிற்சியை மட்டும் விடவில்லை. ஜெர்மனியில் பிறந்து உலகப் புகழ் பெற்ற பயில்வான் யூஜின் சாண்டோவின் பெயர், இவருக்குப் பட்டமாக ஒட்டிக்கொண்டது.

அப்போது சினிமாவுக்காகச் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. கோவை சிங்காநல்லூரிலேயே சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. அங்கே சண்டைக்காட்சிகள், சின்னச் சின்ன வேடங்கள் கிடைத்தன. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான 'ராஜகுமாரி'யில் (1947) அவரோடு மோதும் பயில்வானாக வந்தவர் தேவர்தான். திரையில் எதிரிகள், வெளியே நெருங்கிய நண்பர்கள்!

1956ல் 'தேவர் பிலிம்ஸ்' தொடங்கி, முதல் படமாக 'தாய்க்குப்பின் தாரம்' எடுத்தார். இயக்கியவர் தம்பி திருமுகம். நாயகன் எம்.ஜி.ஆர்., கூடவே ஒரு முரட்டுக் காளை. பூஜை போடும் நாளிலேயே ரிலீஸ் தேதியையும் சொல்லிவிடுவாராம் தேவர். லாபத்தில் ஒரு பங்கு முருகனுக்கு! மருதமலைக் கோவிலுக்கு அவர் செய்த திருப்பணிகளைக் கோவை மக்கள் இன்றும் சொல்வார்கள்.

இப்போது அந்த அடிக்கு வருவோம். 1967ல் யானைகளை வைத்து 'தெய்வச்செயல்' என்ற படத்தை எடுத்தார். ஓடவில்லை. யானையை வைத்துப் படம் எடுப்பது என்ன லேசா? தீனிக்கே எவ்வளவு செலவாகும்! வேறு ஒருவராக இருந்தால், யானை இருக்கும் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்.

தேவரோ அதே கதையைத் தூக்கிக்கொண்டு இந்திக்குப் போனார். அங்கே அப்போது கொடிகட்டிப் பறந்தவர் ராஜேஷ் கன்னா. அவருக்குத் திரைக்கதை திருப்தியாக இல்லை. சலீம், ஜாவேத் என்ற இரு இளைஞர்களிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார். (பின்னாளில் 'ஷோலே' எழுதியவர்கள் இவர்கள்தான்.) நான்கு யானைகளை வைத்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் மாற்றிவிட்டார்கள். தேவர் அதற்குச் சம்மதித்தார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

1971ல் 'ஹாத்தி மேரே சாத்தி' வெளியானது. யானை என் தோழன் என்று அர்த்தம். அனாதைச் சிறுவனைக் காப்பாற்றி, அவனோடு வளரும் யானைகளின் கதை. கடைசியில் ராமு என்ற யானை, எஜமானுக்காகக் குண்டு பட்டு உயிரை விடும். தியேட்டரில் அழாத குழந்தை இல்லை! அந்த ஆண்டின் மாபெரும் வெற்றிப் படங்களில் அதுவும் ஒன்று.

தேவர் அதோடு விட்டாரா? மறு ஆண்டே யானைகளைத் தமிழுக்குத் திருப்பி அழைத்து வந்தார். எம்.ஜி.ஆர்., கே.ஆர்.விஜயா நடித்த 'நல்ல நேரம்' அதுதான். ஐந்தே ஆண்டுகளுக்கு முன் தமிழில் தோற்ற கதை, தமிழிலேயே ஜெயித்தது. தேவரும் எம்.ஜி.ஆரும் சேர்ந்த பதினாறாவது படம். கடைசிப் படமும் அதுவே.

பிறகு 'வெள்ளிக்கிழமை விரதம்' படத்தில் பாம்பு வந்தது. 'ஆட்டுக்கார அலமேலு'வில் ஆடு வந்தது. 1978, செப்டம்பர் 8ல் தேவர் மறைந்தார். மறு ஆண்டு தேவர் பிலிம்சிலிருந்து ரஜினிகாந்த் நடித்த 'அன்னை ஓர் ஆலயம்' வந்தது. அதில் ரஜினியோடு வருவது யார் தெரியுமா? தாயைப் பிரிந்த ஒரு யானைக்குட்டி!