லூதரும் கொள்ளை நோயும்

2020-ஆம் வருஷத்தில் கொரோனா நோய் உலகமெங்கும் பரவியபோது, பல தேசங்களில் சர்க்கார்கள் தேவாலயங்களைச் சில காலம் மூடும்படி உத்தரவிட்டன. அதற்குக் கீழ்ப்படிவது விசுவாசக் குறைவு என்று கிறிஸ்தவப் போதகர் சிலர் வாதித்தனர். வேறு சிலரோ, ஜெர்மானிய மதச் சீர்திருத்தக்காரரான மார்ட்டின் லூதர் 1527-ல் எழுதிய ஒரு நிருபத்தை எடுத்துக் காட்டினர். அந்நிருபம் எழுந்த வரலாறு நம் நேயர்கள் அறியத் தக்கது.

லூதர் 1483-ல் ஐஸ்லெபன் என்னும் ஊரில் பிறந்தார். 1505-ல் துறவு பூண்டார். 1517-ல் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தைக் கண்டித்து 95 வாதங்களை வெளியிட்டதும், 1521-ல் வோர்ம்ஸ் சபையில் சக்கரவர்த்தியின் முன்னிலையில் தம் கொள்கையைக் கைவிட மறுத்ததும் சரித்திரம் படித்தோர் அறிந்தவை. 1525-ல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை ஈவிரக்கமின்றி அடக்கும்படி பிரபுக்களைத் தூண்டியவரும், 1543-ல் யூதர்மேல் விஷங்கக்கி எழுதியவரும் இவரே. இக்குற்றங்களை மறைக்க நாம் விரும்பவில்லை.

1527 ஆகஸ்டில் விட்டன்பர்க் நகரில் பிளேக் தோன்றிற்று. அவர் போதித்து வந்த சர்வகலாசாலை யேனாவுக்கு மாற்றப்பட்டது. சாக்ஸனியை ஆண்ட ஜான், லூதரையும் குடும்பத்துடன் அங்கே செல்லும்படி பணித்தார். லூதர் செல்லவில்லை. ஜூலையில்தான் அவர் கடும் நோயில் விழுந்தெழுந்திருந்தார். மனைவி காதரினா கர்ப்பவதி. மகன் ஹான்ஸுக்கு வயது ஒன்று. எனினும் சக போதகர் புகன்ஹாகனோடு ஊரிலேயே தங்கினார். முன்பு மடமாயிருந்த அவர் இல்லம் வியாதியஸ்தர் விடுதியாயிற்று. நகரத் தலைவரின் மனைவி உயிர் நீத்தபோது அவர் அருகிலிருந்தார். டிசம்பரில் பிறந்த எலிஸபெத் என்னும் பெண் குழந்தை ஒரு வயது நிறையுமுன்னரே இறந்தது.

கொள்ளை நோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று, இந்நாளில் போலந்தைச் சேர்ந்த பிரெஸ்லோ நகரத்துப் போதகர்கள் அவரைக் கேட்டிருந்தனர். அக்கேள்விக்கு விடையே நாம் கூறும் நிருபம். போதகரும், நகராதிபதியும், நீதிபதியும், உத்தியோகஸ்தரும் தம்மை நம்பினவரை விட்டு ஓடலாகாது என்றார் அவர். தம் வேலையைப் பார்க்க வேறு தக்கவர் இருந்தால் போவதில் குற்றமில்லை. பதவியின் சுகங்களை மட்டும் அனுபவித்து, ஆபத்துக் காலத்தில் ஊரை விட்டு மறையும் அதிகாரிகள் எத்தேசத்திலும் உண்டு. அவர்களுக்கு இது கசக்கும்.

மற்றொரு சாராரையும் அவர் விடவில்லை. மருந்தை மறுத்து, கடவுள் காப்பாரென்று வீம்பாய் நோயிடத்தில் புகுவது கடவுளைச் சோதிப்பதாகும். அத்தகையவனால் பிறருக்கு நோய் பற்றினால் அக்கொலைக்கு அவனே பொறுப்பாளி. வீட்டையும் தெருவையும் புகையூட்ட வேண்டும். தன் உதவி தேவைப்படாத இடத்தை விலக்க வேண்டும். துஷ்ட ஆவிகள் காற்றை நஞ்சாக்குவதால் நோய் வருகிறதென்றே அவரும் நம்பினார்; பிளேக் கிருமியை யெர்சின் கண்டறிந்தது 1894-ல் அல்லவா? காரணம் அறியாதபோதும் காரியத்தில் அவர் தவறவில்லை.

நோயை வேண்டுமென்றே பரப்புவோர் உண்டென்ற வதந்தி மெய்யாயின், அவர்களைக் கொலையாளியிடம் ஒப்புவிக்க வேண்டும் என்றும் எழுதினார். இதில் நாம் அவரோடு உடன்படோம். 1348-49-ல் இத்தகைய வதந்தியாலேயே ஐரோப்பாவில் யூதர்கள் திரள் திரளாகக் கொல்லப்பட்டனர்.

தம் வீட்டையே விடுதியாக்கிய அவர், தனிமனிதரின் தருமத்தை மட்டும் நம்பியிருக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு வீடும் ஆஸ்பத்திரியாகாதபடி, நகரங்களே பொது ஆஸ்பத்திரிகளை ஏற்படுத்திப் பராமரிப்பது நலம் என்றார். ஊர் நடுவே, சந்தை வழியாய்க் கிடந்த விட்டன்பர்க் இடுகாட்டை ஊருக்கு வெளியே அகற்ற வேண்டுமென்றும் கருதினார். இடுகாட்டினின்று எழும் ஆவியால் தீங்குண்டா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை மட்டும், வேத பண்டிதராகிய அவர், வைத்தியர்களிடமே விட்டுவிட்டார்.