தமிழ் படித்தால் பிழைக்க முடியுமா?

பிளஸ் டூ முடிச்ச என் பொண்ணு, பி.ஏ. தமிழ்தான் படிப்பேன்னு நின்னா. டிப்ளமோ படிச்சா ஒரகடத்துல கம்பெனி வேலை கிடைக்குமேன்னு நான் மல்லுக்கு நின்னேன். அப்போ அவ உ.வே.சா. கதையைச் சொன்னா.

உ.வே. சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர். சொந்த ஊர் உத்தமதானபுரம். ஏழைக் குடும்பம். அப்பா சங்கீத வித்வான். மகனும் சங்கீதத்தில் பேர் எடுக்கணும் என்பது அவர் ஆசை. இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்றார்கள் மற்றவர்கள். மகன் மனசோ தமிழில் இருந்தது. கடைசியில் அந்த அப்பாவே 1871-இல் மாயூரத்துக்குக் கூட்டிப்போய், மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்த்துவிட்டார்.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. ஊர் ஊராக அலைந்து, செல்லரித்துக் கிடந்த ஓலைச்சுவடிகளைத் தேடினார். சீவக சிந்தாமணி (1887), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) என ஒவ்வொன்றாக அச்சில் கொண்டு வந்தார். 1942-இல், நம்ம பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தில்தான் கண்மூடினார்.

அந்த அப்பாவை நினைச்சுக்கிட்டேன். குழுவில் கடன் வாங்கி, நானே கூட்டிப்போய் அவளைக் கல்லூரியில் சேர்த்தேன். பயம் முழுசாப் போகலை. ஆனா தவணை ஒண்ணுகூடத் தவறலை.