மாருதி 800 இன்ஜினில் ஒரு ரேஸ் கார்: யார் இந்த கரிவரதன்?

2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன். இது பலருக்கும் தெரியும். ஆனால், அவர் தன் முதல் ரேஸை எந்த காரில் ஓட்டினார் தெரியுமா? நம்ம தெருவில் ஓடிய அதே மாருதி 800-ன் இன்ஜினை வைத்துச் செய்த 'ஃபார்முலா மாருதி' காரில்தான். ஓட்டிய இடம், சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர். அந்த காரை உருவாக்கியவர் எஸ்.கரிவரதன். ரேஸ் உலகம் அவரை 'கரி' என்றே அழைத்தது.

மில் குடும்பத்துப் பிள்ளை

கரிவரதன் பிறந்தது 1954-ல், கோவையில். லட்சுமி மில்ஸ் குடும்பம். பணத்துக்குக் குறைவில்லை. கார் ஓட்டுவதில் இருந்த ஆர்வம், அதைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டுவதிலும் இருந்தது. ரேஸ் ஓட்டுநராகவும் வடிவமைப்பாளராகவும் ஒரே நேரத்தில் வளர்ந்தார்.

அன்றைக்கு ரேஸ் என்றால் சோழவரம். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் சோழவரமும், காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரும் அப்போது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்றுதான் சோழவரத்தில் பந்தயக் களமானது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே போட்டிகளை நடத்தியது.

என்ன பிரச்சினை?

பார்க்கக் கூட்டம் குவிந்தது. ஓட்டத்தான் ஆள் குறைவு. காரணம், காசு. நல்ல ரேஸ் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து இறக்க வேண்டும். விஜய் மல்லையா, என்சைன் என்ற ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார். அப்படிப்பட்ட காரோடு, வீட்டு காரைக் கொஞ்சம் மாற்றி எடுத்துவரும் இளைஞர் எப்படி மோதுவது? ஜெயிப்பது திறமையா, பர்ஸா என்று சொல்லவே முடியாத நிலை.

கரிவரதன் நினைத்திருந்தால் தானும் இறக்குமதி கார்களோடு நின்றிருக்கலாம். அவர் எடுத்துக்கொண்ட வேலை வேறு. இந்தியாவில் கிடைக்கும் பாகங்களை வைத்தே, குறைந்த செலவில் ரேஸ் கார் செய்வது.

எடையைக் குறைத்தால் என்ன கிடைக்கும்?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 39 குதிரைத்திறன். ரேஸுக்கு இது போதுமா? இங்கேதான் எடைக் கணக்கு வருகிறது.

மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ. அதாவது ஒவ்வொரு குதிரைத்திறனும் கிட்டத்தட்ட 17 கிலோவை இழுக்கிறது. அதே இன்ஜினை 400 கிலோ காரில் வைத்தால் சுமை சுமார் 10 கிலோதான். இன்ஜினைத் தொடாமலேயே கார் சீறும். எடை குறைந்தால் பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றலும் குறையும். டயர் மெதுவாகத் தேயும், பெட்ரோல் குறைவாகச் செலவாகும். நீண்ட தூரப் பந்தயங்களில் இதுதான் ஜெயிக்க வைக்கும்.

இதற்கு உலக அளவில் பெரிய உதாரணம் லோட்டஸ் லெவன். 1957-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், வெறும் 744 சிசி இன்ஜினோடு ஓடிய லோட்டஸ் லெவன் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. இன்ஜின் அளவோடு ஒப்பிட்டுத் திறனைக் கணக்கிடும் பரிசும் அதற்கே கிடைத்தது.

ஃபார்முலா மாருதியிலும் அதே வழிதான். கூரை, கதவு, பின் இருக்கை எதுவும் கிடையாது. எஃகுக் குழாய்களை இணைத்த சட்டகம், மேலே மெல்லிய ஃபைபர் உடல். ஒரே ஒரு இருக்கை. இன்ஜின், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். ஏதாவது உடைந்தால் கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாருதி உதிரி பாகக் கடைக்குப் போனால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. எல்லோரிடமும் ஒரே மாதிரி கார், ஒரே இன்ஜின். அப்போது யார் முன்னால் வருகிறார் என்பது ஓட்டுகிறவரின் கையில்.

41 வயதில் முடிந்த பயணம்

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ரேஸ் டிராக் திறக்கப்பட்டது. ஓடுதளக் காலம் முடிந்து, முறையான களம் வந்தது. களம் இருந்து, கட்டுப்படியாகும் காரும் இருந்ததால் இளைஞர்கள் வந்தார்கள். நரேனும் அப்படி வந்தவர்தான்.

ஆனால் 1995-ல் நடந்த விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 41 மட்டுமே. தன் கார்களில் பழகிய ஒரு பையன் ஃபார்முலா 1 வரை போனதை அவர் பார்க்கவில்லை. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று ஏன் இதைப் பேச வேண்டும்?

வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் போகும் வழியில் வேகம் காட்டும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். பொதுச் சாலையில் அந்த ஆசைக்கு உயிர்தான் விலை, பல சமயம் அடுத்தவர் உயிர். டிராக்குக்குப் போங்கள் என்று சொல்வது சுலபம். போகிற செலவு கட்டுப்படியாக வேண்டுமே? கரிவரதன் தன் பட்டறையில் தீர்க்கப் பார்த்தது இந்தக் கேள்வியைத்தான். அவர் போய் 30 ஆண்டுகள் தாண்டியும் அது முழுசாகத் தீரவில்லை.