எளியோரைப் போற்றிய பிராங்க் கப்ரா

அமெரிக்கப் படம் என்றதும் குதிரை வீரரும் துப்பாக்கிச் சண்டையுமே பலருக்கு நினைவில் எழும். எனக்கோ, பனி பெய்யும் இரவில், வாழ்வை வெறுத்துப் பாலத்தின்மீது நிற்கும் ஒரு மனிதனின் முகமே முதலில் தோன்றும். 'இற்ஸ் எ வொண்டர்புல் லைஃப்' என்னும் அப்படத்தைப் பன்முறை பார்த்துள்ளேன். கண் கலங்காது எழுந்த நாளில்லை. அதனை நெறிப்படுத்திய பிராங்க் கப்ராவின் வாழ்வை அறிந்த பின்னரே அக்கண்ணீரின் காரணம் எனக்கு ஓரளவு விளங்கிற்று.

அமெரிக்க வாழ்வை இத்துணை அன்போடு சித்திரித்த கப்ரா அந்நாட்டிற் பிறந்தவரல்லர். 1897ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், சிசிலித் தீவிலுள்ள பிசாக்கினோ என்னும் ஊரிற் பிறந்தார். 1903இல், கப்பலின் கடைசி வகுப்பில், குடும்பத்தோடு அத்திலாந்திக்கைக் கடந்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும் வறுமையே காத்திருந்தது. தெருவிற் பத்திரிகை விற்றும் சிறு தொழில்கள் செய்தும் படித்து, 1918இல் இரசாயனப் பொறியியற் பட்டம் பெற்றார். பட்டத்துக்கேற்ற வேலை கிட்டவில்லை. வீடு வீடாகச் சென்று நூல் விற்றுத் திரிந்தார். எளிய மக்களின் முகங்களை அவர் அந்நாள்களிலேயே கற்றிருக்க வேண்டுமென எண்ணுகிறேன்.

பின்னர் திரையுலகம் அவரை ஏற்றது. 1934இல் வெளிவந்த 'இற் ஹப்பண்ட் வன் நைற்' ஐந்து முதன்மை ஒஸ்கார் விருதுகளையும் ஒருங்கே வென்றது. 1936, 1938ஆம் ஆண்டுகளின் படங்களுக்கும் சிறந்த நெறியாளர் விருதைப் பெற்றார். இம்மூன்று படங்களுக்கும் திரைக்கதை எழுதிய ரொபேட் ரிஸ்கினுக்கும் அப்புகழிற் பெரும் பங்குண்டு.

போர் முடிந்தபின், 1946இல் வந்தது நான் முதலிற் கூறிய படம். உலகைச் சுற்றிவரக் கனவு கண்ட ஜோர்ஜ் பெய்லி, ஏழைகள் வீடு கட்டக் கடன் வழங்கும் தந்தையின் சங்கத்தைக் காப்பதற்காக ஊரிலேயே தங்கிவிடுகிறான். சங்கத்தின் 8,000 டொலர் தொலைந்தபோது, தன் வாழ்வே வீணென்று சாகத் துணிகிறான். அவன் பிறவாதிருப்பின் அவ்வூர் என்னவாகியிருக்கும் என்பதை ஒரு தேவதூதன் காட்டுகிறான்.

கப்ராவின் படங்களில் இனிப்பு மிகுதி என்பர் சிலர். இப்படத்தை அவர்கள் ஊன்றிப் பார்க்கவில்லை என்பேன். பணத்தை ஒளித்த செல்வனுக்குத் தண்டனை இல்லை. ஜோர்ஜ் இறுதிவரை உலகைக் காணவுமில்லை. இழப்பு இழப்பாகவே இருக்கிறது; அயலார் கொண்டுவரும் சில்லறைக் காசுகளே அவனது வாழ்வின் பொருளை அவனுக்கு உணர்த்துகின்றன. ஜேம்ஸ் ஸ்டூவேர்ட்டின் நடிப்பில் அவ்வேதனையும் மகிழ்ச்சியும் ஒன்றாய்க் கலக்கின்றன.

அப்படம் செலவிட்ட பணத்தையும் ஈட்டவில்லை. கப்ரா நண்பரோடு தொடங்கிய நிறுவனமும் விரைவிற் கைமாறியது. 1961இன் பின் அவர் கதைப்படம் எதுவும் ஆக்கவில்லை. ஆனால், 1974இல் அப்படத்தின் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாது விடுபட்டது. தொலைக்காட்சி நிலையங்கள் நத்தார் தோறும் அதனை ஒளிபரப்பின. பயனற்றதெனக் கிடந்த படம் வீடுதோறும் உறவாயிற்று.

ஜோர்ஜுக்கு நேர்ந்ததே அப்படத்துக்கும் நேர்ந்தது. தம் உழைப்பு வீண்போகவில்லை என்பதைக் கண்ணாரக் கண்டபின், 1991 செப்டெம்பர் 3ஆம் நாள், தமது 94ஆவது வயதிற் கப்ரா மறைந்தார். தம் பணியின் பயனை அறியாமலே நாளும் உழைக்கும் எளியவர் எந்நாட்டிலும் உளர். அவர்களுள் ஒருவரைக் காணும்போதெல்லாம் அப்பாலமும் பனியும் என் நினைவில் எழுகின்றன.