சட்டப்பிரிவு 21: சிறையிலிருந்தே வழக்கு போட்ட ஏ.கே.கோபாலன் யார்?

ஜாமீன், பிரைவசி, சுத்தமான காற்று... உச்ச நீதிமன்றத்தில் இந்த வாரம் என்ன விசாரணைன்னு நீங்க பார்த்தாலும் 'சட்டப்பிரிவு 21' கண்ணில் படும். அதை முதன்முதலில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர் கண்ணூர்க்காரர் ஏ.கே.கோபாலன். இந்தியன் காபி ஹவுஸில் காபி குடிச்சிருக்கீங்களா? அந்தத் தொழிலாளர் கூட்டுறவுக்குப் பின்னால் இருந்தவரும் இவர்தான்.

1904-ல் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், பிறகு காங்கிரஸ், அப்புறம் கம்யூனிஸ்ட். 1947 டிசம்பரில் கைதானார். தண்டனைகளை நீதிமன்றங்கள் ரத்து செய்தும் வெளியே விடவில்லை. 1950 மார்ச் 1-ம் தேதி, புதிதாக வந்த தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் இன்னொரு உத்தரவைச் சிறைக்குள்ளேயே கையில் கொடுத்தார்கள்.

அப்போதுதான் தொடங்கியிருந்த உச்ச நீதிமன்றத்தை நாடினார். கேள்வி சிம்பிள்: ஒருவரை அடைத்து வைக்க ஒரு சட்டம் இருந்தாலே போதுமா, அது நியாயமாகவும் இருக்கணுமா? சட்டம் இருந்தால் போதும் என்று மே 19-ல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடமே சொல்லக்கூடாது என்ற 14-வது பிரிவு மட்டும் ரத்தானது. ஆறு பேரில் பசல் அலி முழுசா மாறுபட்டார். இன்று படித்தால் அவர் பக்கம்தான் நியாயம் தெரியும்.

தோற்ற கோபாலன் 1952 முதல் ஐந்து முறை மக்களவைக்குப் போனார். 1977 மார்ச் 22-ல் இறந்தார். பத்தே மாதத்தில், மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், நடைமுறை நியாயமாக இருந்தே ஆகணும் என்றது அதே நீதிமன்றம்.

தடுப்புக் காவலை அனுமதிக்கும் 22-வது பிரிவு மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. அந்த வழக்குகளும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு.